மஸ்டாங்கின் ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

திருச்சி தில்லைநகரிலும் திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் கார் பேசியே டீயை ஆறவிடும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



அடுத்த மஸ்டாங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் சித்திரை வீதி வரை கேட்கிறது. நாலு கதவு வருமாம். ஹைபிரிட்டாம். வி8 எஞ்சினுக்கு நாள் குறித்தாயிற்றாம். அதெல்லாம் கட்டுக்கதை, வி8 போனால் மஸ்டாங்கே போச்சு என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறாராம். ஆளுக்கொரு படம் கைவசம் வைத்திருக்கிறீர்கள். அவற்றில் பல, கம்ப்யூட்டரிடம் நாலு வரி சொல்லி வரைய வைத்தவை. சக்கரத்தைப் பார்த்தாலே தெரியும். முன் ரிம்மில் ஐந்து ஆரம், பின் ரிம்மில் ஆறு. உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல வரவில்லை. உங்கள் வயதில் எனக்கும் இதே கிறுக்குதான், இன்னும் தெளிந்தபாடில்லை. இத்தனை பேர் கூடி இத்தனை நேரம் பேசியும், திருச்சிக்காரர் முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் கையில் உள்ள சரக்கைப் பார்த்துவிடுவோம். இப்போது ஓடும் ஏழாம் தலைமுறை மஸ்டாங்கை ஃபோர்டு 2022 செப்டம்பர் 14 அன்று டெட்ராய்ட்டில் காட்டியது. அதற்குப் பின் களம் காலியாகிவிட்டது. 2023 முடிவதற்குள் செவர்லே கமாரோவும் போயிற்று, டாட்ஜ் சேலஞ்சரும் போயிற்று. தனியாக ஓடுகிறவனுக்கு என்ன அவசரம்? ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி 2024-இல் பேட்டியொன்றில் கொஞ்சம் வாய் திறந்தார். முழுக்க மின்சாரத்தில் ஓடும் மஸ்டாங் கூப்பே வராது, ஓரளவு மின்சாரம் கலந்தால் வேகப் பிரியர்களுக்கு நல்லதுதான், நாலு கதவு செய்யவே முடியாது என்றில்லை என்கிற தோரணையில் பேசினார். தேதி சொல்லவில்லை, படமும் காட்டவில்லை. நீங்கள் விடிய விடியப் பேசுவதெல்லாம் இந்த ஒரு கைப்பிடி அரிசியில் பொங்கிய சோறு.

சரி, இந்தக் கம்பெனி தரும் சாடைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? பழைய கணக்கைப் புரட்டுவோம். 1962 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் பந்தயத் தடத்தில் மஸ்டாங் என்ற பெயரில் ஒரு காரை ஃபோர்டு ஓடவிட்டது. இரண்டே இருக்கை. ஒன்றரை லிட்டர் வி4 எஞ்சின், அதுவும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். டான் கர்னி அதை ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, 1964 ஏப்ரல் 17 அன்று கடைக்கு வந்த மஸ்டாங்கில் நாலு இருக்கை, எஞ்சின் முன்னால், அடிப்பாகம் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காருடையது. விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் ஆர்டர் கொடுத்தார்கள். காட்டிய காருக்கும் விற்ற காருக்கும் பெயரைத் தவிர உறவு கொஞ்சம்தான்.

இடையில் 1963-இலும் ஒரு கண்காட்சிக் கார் வந்தது. அது இன்னும் வேடிக்கை. விற்பனைக் காரின் வடிவம் அதற்குள் முடிவாகிவிட்டிருந்தது. முந்தைய ஆண்டின் இரட்டை இருக்கைக் காரைப் பார்த்துக் கிறங்கியவர்கள் ஏமாந்துபோகக் கூடாதே என்று, தயாராகிக்கொண்டிருந்த உண்மையான கூட்டையே எடுத்து மூக்கையும் வாலையும் கொஞ்சம் நீட்டி, ஏதோ கனவுக் கார் போலக் காட்டினார்கள். வருங்காலத்தைக் காட்டுவதாகச் சொல்லி, முடித்துவைத்த வேலைக்கு வேஷம் கட்டினார்கள் என்றே நான் சொல்வேன். இன்றைக்கு வரும் டீசர்களிலும் பாதி இந்த ரகம்தான்.

உண்மையான கசிவு வேறு வழியில் வந்தது. 1964 மார்ச்சில், கார் வெளிவர இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது, இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் தங்கை மகன், இருபது வயதுப் பையன், ஒரு மஸ்டாங் கன்வர்ட்டிபிளை எடுத்துக்கொண்டு டெட்ராய்ட் நகருக்குள் சாப்பிடப் போய்விட்டான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கண்ணில் வண்டி பட்டது. படம் பத்திரிகையில் வந்தது, பிறகு நியூஸ்வீக்கிலும் ஏறியது. மாமனின் காரை மருமகப்பிள்ளை ஊர் பார்க்க ஓட்டிய அந்த ஒரு மதியச் சாப்பாடு, இரண்டு கண்காட்சிக் கார்கள் சொல்லாததைச் சொல்லிவிட்டது.

சாடை சில சமயம் காரையே மாற்றிவிடும். இந்தக் கதையை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1980-களில் பின்சக்கர ஓட்டமும் வி8-உம் பழைய காலத்துச் சமாசாரம் என்று ஃபோர்டில் ஒரு கட்சி முடிவுகட்டியிருந்தது. மாஸ்டாவின் அடிப்பாகத்தில் முன்சக்கர ஓட்டத்தோடு அடுத்த மஸ்டாங்கைச் செய்வது என்று திட்டம். 1987-இல் ஆட்டோவீக் பத்திரிகை விஷயத்தை உடைத்தது. அமெரிக்காவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கடிதங்கள் குவிந்தன. ஃபோர்டு பின்வாங்கியது. செய்த காரை வீணாக்காமல் புரோப் என்று பெயர் சூட்டித் தனியாக விற்றார்கள். மஸ்டாங் பின்சக்கர ஓட்டத்தோடே தொடர்ந்தது. பிறகு 1994 மாடலுக்கு மூன்று வடிவங்கள் வரைந்தபோது, சாதுவானதற்கு புரூஸ் ஜென்னர், முரட்டுத்தனமானதற்கு ராம்போ, நடுவாந்தரத்துக்கு அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் என்று உள்ளுக்குள் பெயர் வைத்துக்கொண்டார்களாம். அர்னால்ட் ஜெயித்தார். அதை விடுங்கள். அந்தக் கடிதக்காரர்களின் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். முன்விளக்கு வட்டமா சதுரமா என்று அவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. எந்தச் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது அடிமடி.

கார்வெட் கட்சிக்காரர்களும் உங்களில் உண்டு, அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எஞ்சின் நடுவில் வரப்போகிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிய சாடைகளைக் கோத்தால் மாலையே கட்டலாம். 1960-களில் ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ் கட்டிய சோதனைக் கார்கள், 1970-இல் நியூயார்க்கில் காட்டிய கார், அடுத்து ஏரோவெட், 1986-இல் கார்வெட் இண்டி, 1990-இல் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இதோ என்றார்கள். நடு எஞ்சின் கார்வெட் வெளியே வந்தது 2019 ஜூலை 18-இல். டன்டோவ் காலமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காரை மூடாக்கோடு ஓட்டிப் பார்க்கத் தொடங்கியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் சோதனை வண்டிக்கு ஆஸ்திரேலிய ஹோல்டன் பிக்கப்பின் உடலை மாட்டிவிட்டார்கள். யாராவது பார்த்தாலும் ஏதோ சரக்கு வண்டி என்று போய்விடுவார்கள் என்று. கண்காட்சி மேடையில் ஐம்பது வருஷமாகக் காட்டியது வரவில்லை. வந்ததை பிக்கப் வேஷத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

ஆகவே படத்தை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். மிச்சிகனுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை நெடுஞ்சாலையில் போய்வருகிறவர்கள் கறுப்பு வெள்ளைச் சுழிகள் அச்சடித்த ஸ்டிக்கரில் முழுக்க மூடிய கார்களை அவ்வப்போது பார்த்திருப்பீர்கள். சமயபுரம் சுங்கச்சாவடி வரிசையில் அப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது. வரிசையில் இருந்த பையன்கள் எல்லாரும் இறங்கி அதன் மூஞ்சியைப் படம் எடுத்தார்கள். மூஞ்சியில் படம் எடுக்க ஒன்றுமே கிடையாது. அந்தச் சுழி கண்ணையும் கேமராவையும் குழப்பி, எங்கே வளைவு எங்கே மடிப்பு என்று தெரியாமல் செய்யத்தான் ஒட்டப்படுகிறது. அதற்கு அடியில் பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும் வேறு வைத்திருப்பார்கள். சக்கரத்தைத்தான் ஒளிக்க முடியாது. முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்த்தால் முன்சக்கர ஓட்டமா பின்சக்கர ஓட்டமா என்று ஊகிக்கலாம். டயரின் அகலம், பிரேக் டிஸ்க்கின் அளவு, இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள நீளம், சைலன்சர் இருக்கிறதா இல்லையா, இவை எல்லாம் கூடியமட்டும் பொய் சொல்லாத உறுப்புகள்.

இன்னொன்று வைப்பர். எஞ்சின் நின்ற வண்டியில் வைப்பர் எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். இடப்பக்க ஸ்டியரிங் காரில் ஓட்டுநரின் கண்முன்னே இருக்கும் கண்ணாடி ஓரம்வரை துடைக்கப்பட வேண்டும் என்று அமைத்திருப்பார்கள். வலப்பக்க ஸ்டியரிங் காரில் அப்படியே தலைகீழ். சோம்பேறித்தனமாக மாற்றிய சில கார்களில் வைப்பரை மாற்றாமல் விட்டுவிடுவதும் உண்டு. மழையில் ஓட்டுகிறவருக்குத் தன் பக்கத்து மூலையில் ஒரு முக்கோணம் துடைபடாமலே நிற்கும். அடுத்த மஸ்டாங்கின் மூடாக்கு போட்ட படம் என்று ஏதாவது உண்மையாகவே வந்தால், தம்பிகளே, முதலில் வைப்பரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நான் சொன்ன கேள்வி இதுதான். ஸ்டியரிங் எந்தப் பக்கம்? நாலு கதவா இரண்டு கதவா என்பதெல்லாம் ஓஹையோவில் இருப்பவனின் கவலை. வலப்பக்க ஸ்டியரிங் இல்லாத புதுக் காரை விற்பனைக்கென்று இந்தியாவில் இறக்குமதி செய்ய விதி இடம் தராது. 1964 முதல் ஐந்து தலைமுறை மஸ்டாங்குகள் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே வந்தன. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் ஆசைப்பட்டவர்கள் வாங்கி, பிரித்து, மாற்றிக்கொண்டார்கள். ஆறாம் தலைமுறையில்தான், 2015-இல், மிச்சிகனின் ஃபிளாட் ராக் ஆலையிலேயே வலப்பக்கம் வைத்துக் கட்டத் தொடங்கினார்கள். கார்வெட்டுக்கோ அந்த யோகம் எட்டாம் தலைமுறையில்தான் வாய்த்தது.

இதில் என்ன பெரிய வேலை, ஸ்டியரிங்கைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வி8 எஞ்சினின் இரண்டு பக்கத்திலிருந்தும் சூடான புகைக் குழாய்கள் இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே ஸ்டியரிங் தண்டு போக வழி வேண்டும். பிரேக் பூஸ்டர் இடம் மாற வேண்டும். டேஷ்போர்டுக்குப் புது அச்சு செய்ய வேண்டும். அச்சுக்கு ஆகும் செலவு என்னவென்று துவாக்குடிப் பட்டறைகளில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன்மார்களைக் கேளுங்கள், சொல்வார்கள். எல்லாம் முடிந்ததும் மோதல் சோதனையை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும். அதனால்தான் இந்த முடிவு கார் பிறப்பதற்கு முன்பே, காகிதத்தில் இருக்கும்போதே எடுக்கப்படுகிறது. கார் வெளிவந்தபின் கத்திப் பயனில்லை. சாடை மட்டும் கசிந்துகொண்டிருக்கும் இந்தக் காலம்தான் கேட்க வேண்டிய காலம்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. ஃபோர்டின் கனடாக் கம்பெனி டெட்ராய்ட்டுக்கு ஆற்றின் அக்கரையில் இருந்தது. பிரிட்டனைத் தவிர்த்த மற்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு விற்கும் உரிமை அதற்குத்தான். வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்து பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றினார்கள். 1926-இல் தொடங்கிய ஃபோர்டின் இந்தியக் கிளையும் அந்தக் கனடாக்காரர்களின் பிள்ளைதான். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வண்டிகளைப் பூட்டி விற்றார்கள். 1950-களின் நடுவில் கடையைக் கட்டினார்கள். நாம் தினமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் டி.வி.எஸ். டோல்கேட்டின் பெயரில் இருக்கிறதே அந்த டி.வி.எஸ்., அவர்கள் மதுரையில் ஜெனரல் மோட்டார்ஸ் முகவர்களாக இருந்தவர்கள். அமெரிக்கக் கார் நம் ஊர்ப் பக்கம் ஓடியதற்கு இவர்களும் காரணம். வேற்று நாட்டு முகவரி கொண்ட கனவாக அன்றைக்கு அது இருக்கவில்லை. பணம் இருந்தால் வாங்கலாம்.

நம் காலத்துக் கதை உங்களுக்கே தெரியும். 2016 ஜனவரியில் தில்லியில் மஸ்டாங்கைக் காட்டினார்கள், ஜூலையில் விலை அறிவித்தார்கள். 5 லிட்டர் வி8, ஆட்டோமேட்டிக் கியர், 65 லட்சம் ரூபாய். அதே வி8 மஸ்டாங் அமெரிக்காவில் அப்போது நம் காசுக்கு 25 லட்சத்துக்குள் தொடங்கியது. நமக்கு வந்ததில் வசதிகள் கூடுதல்தான். மிச்சத்தில் பெரும்பகுதி வரி. கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1,916 மில்லிமீட்டர் அகலம். மாருதி ஸ்விஃப்ட் 1,735. தேரோடும் வீதிகள் தாங்கும். அவற்றிலிருந்து பிரியும் சந்துகளில், எதிரே ஒரு ஷேர் ஆட்டோவும் ஓரத்தில் இரண்டு ஸ்கூட்டரும் நின்றால், 400 குதிரைத் திறனும் ரிவர்ஸ் கியரில்தான் வீணாகும். இருக்கட்டும், ஆசைக்கு அகலம் பார்க்க முடியுமா!

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. அந்த அறிவிப்பிலேயே மஸ்டாங்கை இறக்குமதி செய்து விற்போம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பி உட்கார்ந்த ஆட்களை எனக்குத் தெரியும். மறைமலைநகர் ஆலை 2022-இல் ஓய்ந்தது, ஏழாம் தலைமுறை மஸ்டாங் வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது, நமக்கு வரவில்லை. இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அந்த மறைமலைநகரில் செய்த ஈகோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலேறியது. செங்கல்பட்டுப் பையன்கள் அமெரிக்கனுக்காக இடப்பக்கம் ஸ்டியரிங் பூட்டி அனுப்பினார்கள். நமக்காக வலப்பக்கம் பூட்டிய ஒரு மஸ்டாங்கை அனுப்ப ஃபோர்டுக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் அந்த ஈகோஸ்போர்ட்தான் சாடைக்கு உண்மையாக நடந்துகொண்ட வண்டி. 2012 தில்லிக் கண்காட்சியில் காட்டியதற்கும் அடுத்த ஆண்டு கடைக்கு வந்ததற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஆலை மறுபடி அசையத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் ஏற்றுமதிக்காகத் திறப்போம் என்றார்கள். 2025 அக்டோபர் கடைசியில் தமிழக அரசோடு 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம். ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 2029-இலிருந்து. எந்த வண்டிக்கான எஞ்சின் என்று வெளியிடவில்லை. உடனே ஆளுக்கொரு படம் வரைந்து மஸ்டாங்குக்குத்தான் என்று கிளம்பிவிடாதீர்கள், எண்ணிக்கையைப் பார்த்தால் அது விளையாட்டுக் காருக்கான கணக்காகத் தோன்றவில்லை. ஆனாலும் இதுவரை வந்த சாடைகளில் நான் மதிக்கும் சாடை இது. காசு இறங்கியிருக்கிறது, இயந்திரம் வரப்போகிறது, ஆண்டு குறித்திருக்கிறது. சோழிங்கநல்லூரிலும் ஃபோர்டுக்குப் பெரிய வளாகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 12,000 பேர் தங்களிடம் வேலை செய்வதாக 2024-இல் அவர்களே சொன்னார்கள். அவர்களில் திருச்சிக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பெனி ரகசியத்தைக் கறக்கச் சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்புக்கு உலை வைக்கும். நம் ஊரில் இந்தக் காருக்கு ஆசைப்படும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்று அங்கே நாலு காதில் விழுந்தால் போதும்.

சட்டமும் முன்போல் கெடுபிடியாக இல்லை. வெளிநாட்டு அங்கீகாரம் பெற்ற வலப்பக்க ஸ்டியரிங் கார்களை ஆண்டுக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதிக்காமல் கொண்டுவரலாம் என்று 2018-இல் வழி செய்திருக்கிறார்கள். மஸ்டாங் மாதிரிக் காருக்கு 2,500 என்பது தாராளம். வரிதான் முட்டுக்கட்டை, விலையை இரட்டிப்பாக்கிவிடும் வரி. அதற்கு எழுத வேண்டிய முகவரி தில்லி. ஃபோர்டைத் திட்டிப் பலனில்லை.

அதனால் ஒரு வேலை செய்வோம். 1987-இல் அமெரிக்கர்கள் எழுதினார்களே, நாமும் எழுதுவோம். ஒரே கடிதம், நிறையக் கையெழுத்து. அடுத்த மஸ்டாங்கை வலப்பக்க ஸ்டியரிங்கோடும் செய்யுங்கள், செய்தால் இந்தியாவையும் அந்தப் பட்டியலில் சேருங்கள், விற்றால் ஆயில் மாற்றுவதற்குச் சென்னைக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டாதபடி திருச்சியிலோ மதுரையிலோ ஒரு சர்வீஸ் இடம் கொடுங்கள். இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். முன்விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதத் துடிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கும் சக்தி இருக்கிறவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இல்லை. அப்படி வைத்தால் நான் முதலில் கழன்றுகொள்ள வேண்டியிருக்கும்.

நகல் தயார். ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மா மண்டபம் சாலைக்கு வாருங்கள். சாஸ்திரி ரோட்டில் கூடலாம் என்று ஒரு தம்பி சொன்னார், அங்கே ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் கிடைக்காது. பேனா கொண்டுவாருங்கள். படம் காட்ட விரும்புகிறவர்கள் ரிம்மின் ஆரங்களை எண்ணிவிட்டு வரவும்.

இப்படிக்கு,
சித்திரை வீதியிலிருந்து உங்களைப் போலவே ஒரு கார்க் கிறுக்கன்